மருதாணி மேல் போட்ட பழி

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். கடலூரில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில், வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் முதல் உள்ளே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் வரை, என்னிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. நான் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன். நோயாளியை மேசையில் படுக்கவைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மைக்கில் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிப் படம் எடுக்கிற வேலை. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டரின் வேலை. நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் நாள் பூராவும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

கொரோனா இரண்டாவது தடவையாக வந்து ஊரைப் புரட்டிப்போட்ட அந்த வைகாசியில் நெஞ்சு ஸ்கேனைத் தவிர வேறு எதையும் நாங்கள் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாக இருக்கும். காற்று இருக்கிற இடமெல்லாம் கறுப்பு, அதற்குள் ரத்தக் குழாய்கள் வெள்ளைக் கிளைகளாக ஓடும். வைரஸ் நிமோனியா தொடங்கும்போது அதில் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது. கீழ்ப்பகுதியில், முதுகுப் பக்கம், ஓரத்தை ஒட்டி லேசாக ஒரு மங்கல் விழும். குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற சொரசொரப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த மங்கலுக்குள்ளும் குழாய்கள் தெரியும். அவசரத்தில் படத்தை உருட்டிக்கொண்டு போனால் கண்ணுக்கே படாது. அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் ஆளைத் தேற்றிவிடலாம். விட்டால் அது பரவி, வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும். இரண்டையும் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனிக் கடைசியில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். வளர்த்தது என்றால் திட்டித் திட்டி வளர்த்தது. சிதம்பரத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் குமராட்சிப் பக்கம். டவுனில் வீடு கட்டி, பம்ப்செட் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். மாமியார், ஒரு நாத்தனார், அவ்வளவுதான் குடும்பம். நாத்தனாருக்குக் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்காரர் வீட்டில் பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். ஊரடங்கில் வீட்டோடு, நாலு பேரை வைத்துச் செய்வதாக ஏற்பாடு.

அந்த நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலை தங்கையின் மாமியார் எனக்குப் போன் செய்தார். தங்கை செய்யாமல் அவர் செய்கிறார் என்றதுமே எனக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணும் இல்லம்மா, பயந்துக்காத. புள்ளைக்கு நாலு நாளா ஜொரம். மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுத்தோம், இல்லன்னு வந்துட்டுது. இப்பதான் நர்சம்மா வூடு வூடா வந்து வெரல்ல மெஷின் மாட்டிப் பாத்துட்டுப் போறாங்க. தொண்ணூத்தொண்ணு காட்டுது. மருதாணி வச்சிருக்குதுல்ல, அப்படித்தான் காட்டும்னு சொல்லிட்டாங்க. சும்மா உன் காதுல போட்டு வைக்கலாம்னுதான்."

"வேற விரல்ல வச்சுப் பாத்தீங்களா அத்தை?"

"பத்து வெரல்லயும்தான் மருதாணி."

"கால் விரல்ல?"

"அதுலயும்தான். புதுப் பொண்ணாச்சே. நான் என் வெரல்ல மாட்டிப் பாத்தேன், தொண்ணூத்தெட்டு காட்டிச்சு. அப்போ மெஷின்ல கோளாறு இல்லதானே? மருதாணிதான்."

அவர் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் வம்பு. அந்த மெஷின் நகத்தின் வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கிறது. கருகருவென்று மருதாணி ஏறியிருந்தால் சில நேரம் அதற்குக் குழப்பம் வரும். எங்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் குழப்பம் வந்தால் வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமா, இல்லையா? மருதாணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது என்ன கணக்கு?

"காது மடல்ல மாட்டிப் பாக்கச் சொல்லுங்க."

"காதுலயா? கம்மலாம்மா அது?" என்று அந்த அம்மா சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீ சும்மா... டென்ஷன் ஆவாத" என்றாள் தங்கை.

அவள் வாயாடி. பத்து வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டுகிறவள். "சும்மா"வுக்கும் "டென்ஷன்" என்பதற்கும் நடுவில் அவள் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னைக்கே அவளை இங்க கூட்டிக்கிட்டு வாங்க மாப்ள. வரலன்னா நான் கிளம்பி அங்க வருவேன். வந்தா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு எடுத்த படம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கை வேலை செய்ததே தவிர மனசு சிதம்பரம் ரோட்டில் நின்றது.

மத்தியானம் வந்தார்கள். மாப்பிள்ளை கார் ஓட்ட, மாமியாரும் கூட வந்திருந்தார். கேட்டிலிருந்து ரிசப்ஷன் வரைக்கும் இருபது முப்பது அடிகூட இருக்காது. தங்கை பாதியில் நின்று, வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு வார் அறுந்ததைப் பார்க்கிற மாதிரி குனிந்து காலைப் பார்த்தாள். வார் அறுந்திருக்கவில்லை. நான் உச்சி முதல் பாதம் வரை அந்த வெள்ளைக் கவச உடுப்பில் இருந்ததால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் சிரித்தாள்.

"என்னக்கா... ராக்கெட்ல போறியா?"

"வாயை மூடிக்கிட்டு உள்ள வா. தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

புதிதாகக் கல்யாணம் ஆன பெண்களிடம் கர்ப்பமா என்று தெரிந்துகொள்ள ஸ்கேனுக்கு முன்னால் கட்டாயம் கேட்கிற கேள்வி அது. மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "முந்தாநாள்தான்" என்று முணுமுணுத்தாள். மாமியார் தன் பங்குக்கு, "தாலி பிரிச்சுக் கோக்கல இன்னும். கயிறக் கழட்டிடாதம்மா" என்றார். நாங்கள் யாரையும் கழற்றச் சொல்வதில்லை. நெஞ்சின் மேல் தங்கம் கிடந்தால் படத்தில் கோடு கோடாக விழும் என்பதால், தாலியைக் கழுத்துக்கு மேலே தூக்கிக் காதோரம் ஒதுக்கி வைத்துவிடுவோம். அவளுக்கும் அப்படியே செய்தேன். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி வைத்தபோது உள்ளங்கை என் முகத்துக்கு நேரே வந்தது. முகக்கவசத்தையும் மீறி மருதாணி வாசனை அடித்தது. நிறம் கறுப்பை எட்டியிருந்தது. கல்யாண மருதாணி இத்தனை நாளைக்கு அப்புறமும் இப்படியா இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. யோசிக்க நேரமில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"மூச்சை இழு. பிடி."

பாதியிலேயே விட்டுவிட்டாள். இருமல். கீழ்ப்பகுதி முழுக்கக் கலங்கலாக விழுந்தது. மூச்சு அசைந்தால் நல்ல நுரையீரலும் படத்தில் மங்கிப்போகும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? சினிமா தியேட்டர்ல மூணு மணி நேரம் விசில் அடிக்கத் தெரியுதுல்ல? இழு. இப்பப் பிடி."

இந்தத் தடவை பிடித்தாள். மேலிருந்து ஒவ்வொரு படமாக இறக்கினேன். மேலே கறுப்பு. நல்ல கறுப்பு. இதயம் வந்தது, தாண்டினேன். வலது நுரையீரலின் அடியில், முதுகுப் பக்கம் ஓரத்தை ஒட்டி, ஒரு மங்கல். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். இருந்தது. இடது பக்கம் அதைவிடச் சின்னதாக இன்னொன்று.

இருந்தாலும் ஒரு வழி பாக்கி இருந்தது. மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் சொந்த பாரமே அடிப்பக்கத்தை அழுத்தும். ஒன்றும் இல்லாதவர்களுக்கும் அந்த இடத்தில் லேசாக மங்கல் தெரியும். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுப்போம். பாரத்தால் வந்தது என்றால் மறைந்துவிடும். நோய் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே போய் அவளைப் புரட்டிப் படுக்கவைத்தேன்.

"இப்படிப் படுத்தா... நல்லா இருக்குதுக்கா" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர்கள்தான் குப்புறப் படுத்ததும் அப்படிச் சொல்வார்கள். கடவுளே, மறைந்துவிடட்டும், இந்த ஒரு தடவை மறைந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே படத்தை இறக்கினேன். இரண்டும் அங்கேயே இருந்தன.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நின்றுகொண்டே பார்த்தார். "ஆரம்பம்தான். ஆனா ரெண்டு பக்கமும் இருக்கு. ஆக்சிஜன் எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு சார். மருதாணியால அப்படின்னு சொல்லிட்டாங்களாம்."

"மருதாணியை யாரும் நுரையீரல்ல வச்சுக்கறதில்லம்மா. ஆக்சிஜன் இருக்கிற இடத்துல இன்னைக்கே சேக்கச் சொல்லுங்க. வீட்ல வச்சுப் பாக்கறது ரிஸ்க்."

அவர் வெளியே போய் மாப்பிள்ளையிடம் பேசினார். நான் மைக்கை அழுத்தினேன். "முடிஞ்சிடுச்சு கண்ணு. மெதுவா எழுந்திரு. அவசரம் இல்ல."

அவள் எழுந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக என்னைத் தேடினாள். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"அக்கா, நீ ஏன் திட்டல?"

மைக்கிலிருந்து கையை எடுத்தேன்.

"ரொம்ப இருக்குதா?"

உள்ளே ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முதலில் கேட்டது தன் உடம்பைப் பற்றி இல்லை. "அத்தைகிட்ட சொல்லாதக்கா. நிச்சயம் முடியட்டும்" என்றாள். வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மருமகள் கொரோனா என்று படுத்தால் அந்த மில்காரர் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம். வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்களாம். ராசி இல்லாதவள் என்ற பேர் காலத்துக்கும் நிற்குமாம். ஒவ்வொன்றையும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இது கல்யாணத்து மருதாணி இல்ல. நேத்து நான் திரும்ப வச்சுக்கிட்டேன்" என்றாள். அதற்கு முந்தின நாள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மெஷின் குறைவாகக் காட்டியபோது, மருதாணிதான் காரணம் என்று நர்ஸ் விட்டுவிட்டுப் போனதை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. நர்ஸ் வருவார் என்று தெரிந்து, கை கால் எல்லா விரலுக்கும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். கை தூக்கினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

வெளியே கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன அத்தனையிலும் "ஆரம்பம்தான்" என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த அம்மாவின் காதில் ஏறியிருந்தது.

"ஆரம்பம்தானே, நல்லதாப் போச்சு. வூட்ல மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது. மாத்திரை வாங்கிக் குடுத்துப் பாத்துக்கறோம். ஒரு வாரம் போவட்டும், அதுக்கும் சரியாவலன்னா ஆசுபத்திரிக்குப் போறோம்."

"ஒரு வாரம் எல்லாம் தாங்காது அத்தை. டாக்டர் இன்னைக்கேன்னு சொன்னார்ல?"

"ஆசுபத்திரியில போயி இல்லாதத இழுத்துக்கிட்டு வர்றதா? நீ எல்லாத்துக்கும் சத்தம் போடற பொண்ணும்மா. கல்யாணத்துல சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு மண்டபமே அதிர்ற மாதிரிக் கத்துனியே."

உண்மைதான், கத்தினேன். சாம்பாருக்குக் கத்திய அதே குரலில் தங்கையின் உயிருக்குக் கத்தினால் யார் நம்புவார்கள்? மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் என் அறை வாசலில் நிறுத்தி, கதவுக் கண்ணாடி வழியாகத் திரையைக் காட்டினேன். அந்த மங்கலை விரலால் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நோயின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். பழகாத கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அந்த அம்மா காரின் பின்கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறினால் சிதம்பரத்து மாடி அறை. அங்கே ராத்திரி எத்தனை மணிக்கு அவளுக்கு மூச்சு நிற்கும், யார் பார்ப்பார்கள்? நான் அவள் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் சொன்னேன். "நான் சொன்னா எடுபடாதுடி. நீ சொல்லு."

அவள் அசையவில்லை. மாப்பிள்ளை சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அடுத்த நோயாளிக்காக என்னைக் கூப்பிட்டார்கள், நான் காதில் வாங்கவில்லை. அவள் தோள்பட்டை ஏறி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை," என்றாள் தங்கை. "எனக்கு மூச்சு... வுட முடியல. ரெண்டு நாளா. மருதாணி நான்தான் நேத்து வச்சுக்கிட்டேன். மெஷின்ல கம்மியாக் காட்டுனா... மருதாணின்னு நெனப்பீங்கன்னு."

"ஏண்டி?"

"நிச்சயம் நின்னுடும்னு."

அந்த அம்மா அவளையே பார்த்தார். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், திறக்காமல் திரும்ப உள்ளே வைத்தார். "அடிப்பாவி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "வண்டிய எடுடா. வூட்டுக்கு இல்ல."

கடலூரில் ஒரு படுக்கையும் காலியில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் போன் போட்டேன். சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று காலியாவதாகத் தகவல் கிடைத்தது. பின்சீட்டில் மாமியார் மடியில் தலையை வைத்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். என்னால் கூடப் போக முடியவில்லை, ஸ்கேனுக்கு வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. ஆலப்பாக்கத்தில் ஒரு போன், புதுச்சத்திரத்தில் ஒரு போன். "முழிச்சிருக்காளா?" என்று நான் கேட்பேன். "முழிச்சிருக்கா" என்று அந்த அம்மா சொல்வார். பரங்கிப்பேட்டை முக்கு தாண்டியதும் போன் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் யாரைப் படம் எடுத்தேன், என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெகு நேரம் கழித்து மாப்பிள்ளை கூப்பிட்டு, "மூக்குல ஆக்சிஜன் வச்சுட்டாங்கக்கா" என்றார்.

அதன் பிறகும் அந்த மங்கல் பரவத்தான் செய்தது. ஒரு கட்டத்தில் டாக்டர்களே நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா தினமும் கஞ்சித் தூக்கோடு வார்டு வாசலில் போய் நின்றார். சாயங்காலமானால் எனக்குப் போன் செய்து இன்றைக்கு எத்தனை வாய் குடித்தாள் என்று சொல்வார். பேச்சில் நான் அவரை எதிர்ப்பதும் அவர் என்னைக் குத்துவதும் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மூக்கிலிருந்து குழாயை எடுத்த அன்று அவர் குரலே வேறாக இருந்தது. "இன்னைக்கு இட்லி தின்னாம்மா. சட்னி நல்லா இல்லன்னு வேற சொல்றா."

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. நிச்சயம் வைத்திருந்த நாள் எப்போதோ போய்விட்டிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்த மில்காரர் வீட்டுல என்ன சொன்னாங்க அத்தை?"

"வேணாம்னுட்டாங்க. மருமவ வந்ததும் படுத்துட்டா, அந்த வூட்டு ராசி சரியில்லன்னு பேச்சாம்." என் தங்கை எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நடந்திருந்தது. "என் பொண்ணு ரெண்டு நாளு அழுதா. அழுதுட்டுப் போவட்டும், வேற எடம் வராமலா பூடும். இவகிட்ட மட்டும் இப்போ சொல்லிடாத. அழுதா இன்னும் மூச்சு எளைக்குது அவளுக்கு."

"சொல்லல அத்தை."

அவர் போனை வைக்கவில்லை. வார்டு வாசலில் யாரோ டீ விற்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கறேன், உள்ளதச் சொல்லு. செத்தாலும் சாவோம், என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நெனச்சிருக்குதே அந்தப் புள்ள. அவ்ளோ பயமாவா இருந்துச்சு அதுக்கு என்னப் பாத்தா?"

"என்கிட்டயும்தான் சொல்லல அத்தை" என்றேன்.